முடிவு உங்களுடையது, கையெழுத்து எங்களுடையதா? விமான நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயணிகள் விமானச் சேவை நடத்தும் நிறுவனங்களின் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும் தலைமைச் செயல் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பராமரிப்பு முடிந்து ஒரு விமானம் ஹேங்கரை, அதாவது பழுதுபார்க்கும் கொட்டகையை, விட்டு வெளியே வர வேண்டுமென்றால், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலை கையேட்டில் உள்ளபடி செய்து முடிக்கப்பட்டது, விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று உறுதி சொல்லி, பெயரும் உரிம எண்ணும் எழுதி, தேதி குறிக்க வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன். ஏதாவது நடந்துவிட்டால் விசாரணை அதிகாரிகள் முதலில் கைப்பற்றிப் பூட்டி வைப்பது அந்தக் காகிதங்களைத்தான். அவற்றில் உங்கள் பெயர் இருக்காது.

அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது, எத்தனை பேரை வைப்பது, எந்த ஒப்பந்தக்காரரிடம் விடுவது, இரண்டு சோதனைகளுக்கு நடுவே எத்தனை மாதம் இடைவெளி விடுவது ஆகியவற்றை முடிவு செய்பவர்கள் நீங்கள். அந்த முடிவுகளுக்கும் ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பெயரில், தேதியோடு, விசாரணைக்கு எடுத்துக்கொடுக்கும்படியான கையெழுத்து.

இது சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கை ஒன்றுமில்லை. ஒவ்வொரு விமானத்தின் பறக்கும் தகுதிக்கும் முதல் பொறுப்பு அதை இயக்கும் நிறுவனத்துக்கே என்று அமெரிக்க விதிகளின் 121.363-ஆவது பிரிவு சொல்கிறது. பராமரிப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், ஆனால் அதனால் நிறுவனத்தின் பொறுப்பு நீங்காது என்றும் அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஐரோப்பிய விதிகளின்படி, பணம் ஒதுக்கும் அதிகாரமுள்ள ஒருவரைப் பொறுப்பு மேலாளராக நிறுவனம் அறிவித்தாக வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே 2013-இல் தனி இணைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆக, ஏட்டில் பொறுப்பு உங்களுடையதுதான். விபத்து நடந்த மறுநாள் அது யார் தலையில் விழுகிறது என்பதில்தான் என் மனக்குறை.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 கலிபோர்னியா கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் விழுந்தது. எம்டி-83 ரக விமானம். அதிலிருந்த 88 பேரும் இறந்தார்கள். வாலின் கிடைமட்ட இறக்கையை மேலும் கீழும் நகர்த்த நீண்ட திருகு ஒன்று உண்டு. ஜாக்ஸ்க்ரூ என்போம். அதன்மேல் ஓடும் நட்டின் உட்புரிகள் தேய்ந்து, ஒரு கட்டத்தில் முற்றாக உரிந்துவிட்டன. கடலடியிலிருந்து எடுத்தபோது உரிந்த புரியின் துண்டுகள் திருகைச் சுற்றிக் கிடந்தன. நட்டு ஓடுகிற பகுதியில் உயவு தரும் நிலையில் கிரீஸ் இல்லை.

இத்தனை பேர் சாவுக்குக் காரணம் கிரீஸ் போடாததா என்று கேட்டால், ஆம். ஆனால் கிரீஸ் போட வேண்டிய இடைவெளியின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். 1985-இல் அந்த நிறுவனத்தில் 700 பறப்பு மணிக்கு ஒருமுறை கிரீஸ் போட வேண்டும் என்று இருந்தது. 1987-இல் அது 1,000 ஆயிற்று. 1991-இல் 1,200, 1994-இல் 1,600. 1996-இல் மணிக்கணக்கையே எடுத்துவிட்டு எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். அவர்கள் விமானங்கள் பறந்த வேகத்துக்கு அது ஏறக்குறைய 2,550 மணி. புரிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து பார்க்கும் சோதனையும் 5,000 மணியிலிருந்து நீண்டு நீண்டு, 30 மாதத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் 9,550 மணி என்று ஆனது. ஒவ்வொரு நீட்டிப்பும் சிறியது. ஒவ்வொன்றையும் கண்காணிப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. பதினொரு ஆண்டுகளில் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

கிரீஸ் போடும் வேலை எப்படிப்பட்டது என்று உங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அந்த ரக விமானத்தில் வால் உச்சிக்குச் சாரம் கட்டி ஏற வேண்டும். கை நுழைவதே கஷ்டம் என்னும்படியான சிறிய திறப்பு. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை துப்பாக்கியால் புதியதை அழுத்த வேண்டும். பிறகு திருகின் புரிகள் நெடுகக் கையாலோ பிரஷ்ஷாலோ பூசி, திருகை முழு நீளத்துக்கும் ஓடவிட்டுப் பரப்ப வேண்டும். கை போகிற இடத்துக்குக் கண் போகாது. முறையாகச் செய்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது விசாரணையில் வந்த மதிப்பீடு. அந்த விமானத்துக்குக் கடைசியாகக் கிரீஸ் போட்ட மெக்கானிக், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அவரைத் திட்டுவது சுலபம். நான்கு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்து வருவதை எத்தனையோ மேற்பார்வையாளர்கள் பார்த்திருப்பார்கள், ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. விரைவாக முடிகிற வேலையை யாரும் கேள்வி கேட்பதில்லை. தாமதமாகிற வேலைக்குத்தான் விளக்கம் கேட்கப்படுகிறது.

அதே விமானம் 1997 செப்டம்பரில் பெரிய சோதனைக்கு வந்தபோது புரித் தேய்மானத்தை அளந்தார்கள். 0.040 அங்குலம். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பும் சரியாக அதுவேதான். நட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு ஷிப்ட் எழுதி வைத்தது. பின்னால் வந்த ஷிப்ட் மறுபடி அளந்து 0.033 என்று கண்டு, மாற்றாமலே விமானத்தை அனுப்பியது. மாற்றச் சொல்லி எழுதியவர், பதிவேடுகள் ஒழுங்காக இல்லை என்று 1998-இல் அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் தாமாகவே போய்ச் சொன்னார். விமானம் விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்னால்.

ஆகவே முதல் கோரிக்கை. ஒரு பராமரிப்பு இடைவெளியை நீட்டும்போது அது எந்தெந்த பாகத்தைத் தொடுகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். பறந்துகொண்டிருக்கும் சில விமானங்களில் அந்தப் பாகத்தை இறக்கி அளந்து, தேய்மானம் எவ்வளவு என்று கண்டபிறகே நீட்டுங்கள். இதற்கு முன் எத்தனை முறை நீட்டப்பட்டது, தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதையும் அதே காகிதத்தின் தலைப்பில் போடுங்கள். அதில் பொறுப்பு மேலாளர் கையெழுத்திட வேண்டும், திட்டமிடல் பிரிவின் இளநிலை அதிகாரி போதாது.

இரவு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் பகலில் சம்பாதிக்கிறது, ஆகவே அதைப் பழுதுபார்ப்பது இரவில். அதை நான் குறை சொல்லவில்லை. விடிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே மனித மூளை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தும் ஆட்களைக் குறைப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்டுப் பதின்மூன்று நிமிடத்தில், 17,000 அடிக்கு மேல் இருந்தபோது, விமானியின் பக்கத்துக் கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணிக்குழுவினர் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்து, மீண்டும் விமானமும் ஓட்டினார்.

அந்தக் கண்ணாடி முந்தைய நாள்தான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84, தேவையான விட்டத்தைவிட 0.026 அங்குலம் சிறியவை. மீதி 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் அன்றிரவு ஷிப்டுக்கே மேலாளர். ஆள் பற்றாக்குறை, ஆகவே தானே இறங்கிச் செய்தார். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர்ஸில் கேட்டார், அங்கே போதிய எண்ணிக்கை இல்லை. விமான நிலையத்தின் வேறொரு மூலையில் ஆளில்லாத உதிரிபாக அடுக்குக்கு வண்டியெடுத்துப் போய், மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் ஒப்பிட்டு எடுத்து வந்தார். வேலை மேடை விமானத்துக்குச் சரியாகப் பொருந்தி நிற்கவில்லை. எட்டிச் சாய்ந்தபடிதான் முடுக்க முடிந்தது. சிறிய போல்ட்டுகள் குழிக்குள் சற்று அதிகமாகவே இறங்கி நின்றன, அந்தக் கோணத்திலிருந்து அது கண்ணில் படவில்லை. அந்தக் கண்ணாடிக்கு இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதியும் இல்லை, காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

அவர் சோம்பேறி இல்லை. அக்கறையானவர் என்றே பெயரெடுத்தவர். ஒருவகையில் அதுதான் கவலை தருகிறது. ஆள் இல்லையே என்று விமானத்தை நிறுத்தாமல் காரியத்தை முடித்துக்கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர்களை நம் தொழிலில் பாராட்டுகிறோம். பதவி உயர்வும் கொடுக்கிறோம்.

எனவே ஒவ்வொரு இரவு ஷிப்டுக்கும் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். அதற்குக் கீழே போனால் எந்தெந்த வேலைகள் அன்று தொடப்படாது என்றும் எழுதுங்கள். அதனால் காலை விமானம் தாமதமானால், அந்தத் தாமதம் எந்தப் பராமரிப்பு மேலாளரின் ஊக்கத்தொகையையும் குறைக்கக் கூடாது. நேரந்தவறாமைக்கான ஊக்கத்தொகையைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து முழுமையாக எடுத்துவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. விமானத்தை விடுவிக்கிறவருக்கு அது நேரத்துக்குக் கிளம்புவதில் ஒரு காசு லாபமும் இருக்கக் கூடாது.

இனி ஒப்பந்தக்காரர்கள். வெளியே கொடுத்துச் செய்வதே தவறு என்று சொல்பவன் அல்லன் நான். பெரிய சோதனைகளை மட்டுமே செய்யும் சில நிறுவனங்களில் இருக்கும் கருவிகளும் அனுபவமும் பல விமான நிறுவனங்களிடம் கிடையாது. ஆனால் வேலையைக் கொடுத்த கையோடு கண்ணையும் திருப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வேல்யூஜெட் 592 இருக்கிறது. 1996 மே 11 அன்று ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கறையில் இருந்தவை, வேறு விமானங்களிலிருந்து கழற்றிய, காலாவதியான ஆக்சிஜன் உருவாக்கிகள். தட்டினால் தாமாகவே எரிந்து கடும் வெப்பம் தருபவை. அதன் முனைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்ட வேண்டும் என்று வேலைப் படிகளைச் சொல்லும் டாஸ்க் கார்டில் எழுதியிருந்தது. ஒப்பந்தக்காரரின் ஹேங்கரில் அந்த மூடிகள் இல்லை. இருந்தும் கார்டில் கையெழுத்துகள் இருந்தன. பெட்டிகளில் போட்டு, காலி என்று எழுதி, பயணிகள் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் தவறு, ஒப்பந்தக்காரரைச் சரிவரக் கண்காணிக்காத விமான நிறுவனத்தின் தவறு, சரக்கறையில் புகை உணர்வியும் தீயணைப்பும் கட்டாயமாக்காத அரசு அமைப்பின் தவறு என்று மூன்றையும் விசாரணை சொன்னது. குற்றவழக்கு ஒப்பந்த நிறுவனத்தின் மீதும் அதன் ஊழியர்கள் மீதும் போடப்பட்டது. விமான நிறுவனம் விபத்துக்கு அடுத்த ஆண்டே இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து அந்தப் பெயரில் பறக்கத் தொடங்கிவிட்டது.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விழுந்து 21 பேர் இறந்தார்கள். விமான நிறுவனம் ஒரு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் ஆட்களை இன்னொரு நிறுவனத்திடமிருந்து எடுத்திருந்தது. விபத்துக்குச் சற்று முந்தைய ஓர் இரவில், மூக்கை ஏற்றியிறக்கும் வால் பகுதியான ஏற்றவாலின் கம்பி இழுவையைச் சரிசெய்தவர் அந்த ரக விமானத்தில் அதை முதன்முறையாகச் செய்தார். கற்றுக்கொடுத்தவரே, பின்னால் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய ஆய்வாளரும்கூட. கையேட்டில் இருந்த சில படிகள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதனால் மூக்கைக் கீழே அழுத்தும் வீச்சு குறைந்துபோனது. விமானத்தின் பின்பகுதி எடை மிகுந்திருந்ததும் சேர்ந்துகொள்ள, விமானிகளால் மூக்கைக் கீழே கொண்டுவர முடியவில்லை.

உங்கள் விமானம் நிற்கும் ஒவ்வொரு வெளி ஹேங்கரிலும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கும் பொறியாளர் ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் வேண்டும். அவர் நிறுத்தினால் உங்கள் வணிகப் பிரிவு அவரைத் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது. ஒப்பந்தக்காரர் தன் வேலையை இன்னொருவரிடம் விடுவதானால் உங்கள் ஒப்புதல் வேண்டும். கற்றுக்கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. செலவாகும், தெரியும். வெளியே கொடுத்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் கணக்கில் இந்தச் செலவையும் சேர்த்தபிறகு மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தைச் செய்தவரே பழுதுபார்த்தார் என்பதும் விடுதலைப் பத்திரம் ஆகாது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-இன் பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைப் பழுதுபார்த்தது உற்பத்தியாளரின் குழு. இணைப்புத் தகடு ஒன்றை இரண்டாக வெட்டிப் பொருத்தியதால் இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கியது. ஏழு ஆண்டு தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று விட்டது, 520 பேர் போனார்கள். சைனா ஏர்லைன்ஸ் 611-இல் 1980-இல் செய்த தவறான பழுதுபார்ப்பு 2002 வரை காத்திருந்து 225 பேரைக் கொன்றது. வாங்கிய பழைய விமானமானாலும் சரி, அதன் ஒட்டுத்தகடுகளின் வரலாறு முழுவதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எல்லாமே பெரும்பணம் கேட்பவை அல்ல. 1983 மே 5 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855-இன் மூன்று எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய் இழந்தன. ஒவ்வொன்றிலும் உலோகத் துகள் உணர்வியை மாற்றியபோது ரப்பர் வளையம் போடப்படவில்லை. வழக்கமாக வளையம் மாட்டியே வைத்திருக்கும் அலமாரியில் அன்று உணர்விகள் இல்லை, ஸ்டோர்ஸிலிருந்து வளையம் இல்லாமல் வந்தவற்றை அப்படியே மாட்டிவிட்டார்கள். ஓர் எஞ்சினை மீண்டும் இயக்கி மியாமியில் இறக்கினார்கள், 172 பேரும் தப்பினார்கள். ஒரே இரவில் ஒரே கை எல்லா எஞ்சின்களையும் தொடக் கூடாது என்ற விதி உங்கள் நிறுவனத்தில் எல்லா ரகத்துக்கும், எல்லா வழித்தடத்துக்கும் இருக்கிறதா? நீண்ட கடல்வழிப் பறப்புகளுக்கு மட்டும் வைத்திருந்தால், மற்ற பயணிகளுக்கும் அதை நீட்டுங்கள். ஷிப்ட் அட்டவணையை மாற்றினால் போதும்.

இன்று பயணிகள் விமானத்தைவிடப் பாதுகாப்பான பயணம் அரிது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியவன் ஆகமாட்டேன். மேலே சொன்ன ஒவ்வொரு சாவிலிருந்தும் யாரோ ஒரு விதியை எழுதியதால்தான் அப்படி ஆயிற்று. ஆனால் அந்த விதிகளில் பெரும்பாலானவை ஹேங்கர் தரையில் நிற்பவரைக் கட்டுப்படுத்துபவை. மாடியில் இருப்பவரைக் கட்டுப்படுத்துபவை குறைவு.

1991 செப்டம்பர் 11 அன்று கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 டெக்சஸில் நடுவானில் உடைந்து 14 பேர் இறந்தார்கள். வால் இறக்கையின் முன்விளிம்பில் 47 திருகுகள் இல்லை. மாலை ஷிப்ட் கழற்றியது, இரவு ஷிப்டுக்குச் சொல்லவில்லை. விசாரணை வாரியம் மெக்கானிக்குகளும் ஆய்வாளர்களும் நடைமுறையைப் பின்பற்றாததை முதன்மைக் காரணமாகக் கூறியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் உடன்படவில்லை. நடைமுறைகளைப் பின்பற்ற ஊக்குவித்து அமல்படுத்தும் பண்பாட்டை உருவாக்காத உயர்நிர்வாகத்தையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று தனிக் கருத்து எழுதினார். தனியாளாக எழுதினார். அவர் சொன்னதுதான் சரி என்று நான் நம்புகிறேன்.

1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு 603 லிமாவிலிருந்து கிளம்பிக் கடலில் விழுந்து 70 பேர் இறந்தபோதும் இதே கதைதான். விமானத்தைக் கழுவித் துடைக்கும்போது காற்றழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய டேப் எடுக்கப்படவில்லை. விமானத்தின் நிறத்திலேயே கலந்துவிடும் வெள்ளி நிற டேப். மேற்பார்வையிலும் சிக்கவில்லை, விமானி சுற்றிப் பார்த்தபோதும் சிக்கவில்லை. விமானிகளுக்கு உயரமும் வேகமும் பொய்யாகக் காட்டின. டேப்பை ஒட்டிய தொழிலாளி தண்டிக்கப்பட்டார். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டேப் வாங்கித் தராதது யார் என்ற கேள்வி அவரோடு நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

தண்டனைப் பயம் பாதுகாப்பைக் கூட்டும் என்று நினைக்காதீர்கள். பயந்தவன் மறைப்பான். ஒரு போல்ட் கீழே விழுந்து எங்கே போனதென்று தெரியவில்லை என்று நள்ளிரவில் சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வர வேண்டும். அதற்கு, முன்பு சொன்னவனுக்கு என்ன நடந்தது என்பதை அவன் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்றே பொய்க் கையெழுத்துப் போட்டவனைத் தண்டியுங்கள், தயங்க வேண்டாம். தவறு நடந்ததைத் தானே வந்து சொன்னவனைத் தொடாதீர்கள்.

எனக்குப் பதில் எதுவும் தேவையில்லை. உங்கள் ஹேங்கர்களிலும் ஒப்பந்தக்காரர் ஹேங்கர்களிலும் இன்றிரவு வேலையில் இருப்பவர்களுக்கு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் விமானத்தை நிறுத்தலாம், அதற்காக யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள், கேட்டால் இந்த எண்ணில் என்னையே கூப்பிடலாம் என்று எழுதி, பொறுப்பு மேலாளரின் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டு, டூல் அறைக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். முதல் அழைப்பு வரும்போது நீங்களே எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்